உறைமண்

"நாத்தைத்தானே எடுத்தோம், சட்டியையும் சேர்த்தா எடுத்தோம்?"

மாமியார் அன்றைக்குச் சொன்ன சொல் இது. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலம். சமையலறையில் மாமியாரும் மருமகளும் மட்டும். மாமியார் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். குருவி தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா அங்க தனியா இருக்கா, அத்தை."

"தனியா இருக்கறவங்க ஊர்ல எத்தனையோ பேரு."

"அதில்ல அத்தை. அவளுக்கு என்னை விட்டா..."

"உன்னை விட்டா உங்க அண்ணன் இருக்கான்ல?"

"இருக்கான். இருந்தாலும்..."

மாமியார் ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த நாத்தும் சட்டியும் வந்தன. நாற்றுப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம் அல்லவா, குத்திப் பேசுவதென்றாலும் செடியை வைத்துத்தான் குத்துவார்கள்.

கேட்க வந்ததைக் குருவி கேட்கவே இல்லை. 'அக்காவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டுமா' என்ற ஒற்றை வரிதான் அது.

குருவி என்பது அக்கா வைத்த பெயர். கொறிக்கிற அளவுக்குத்தான் சாப்பிடுவாள், ஆனால் விடிந்ததிலிருந்து வாய் ஓயாது என்பதால். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அக்காதான் தையல் மிஷினை மிதித்து அவளைக் காலேஜ் வரை படிக்கவைத்தாள். அக்காவின் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அளவெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், துணிதான் கிடைக்கல" என்று சிரிப்பாள். துணி கடைசிவரை கிடைக்கவில்லை.

மாமியார் அதைச் சொன்ன நேரத்தில் கணவன் பின்வாசல் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தான். குழாய் திறந்திருந்தது. அவன் காதில் அது விழுந்ததா இல்லையா என்பது குருவிக்கு இன்றுவரை தெரியாது. விழுந்தும் பேசாமல் இருந்தான் என்றால் கல்நெஞ்சன். விழவே இல்லை என்றால் வெறும் மந்தம். இரண்டில் எது என்று முடிவுகட்ட முடியாமலே அவனோடு அன்பாகக் குடும்பம் நடத்தி, ஒரு மகளைப் பெற்று வளர்த்து, வெளியூருக்குப் படிக்கவும் அனுப்பிவிட்டாள். மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். தடை சொல்ல யாரும் இல்லை. அவனாகவே ஒருநாள் சொல்வான் என்று குருவி காத்திருந்தாள். கேட்டு வாங்கினால் அது கொடுத்ததாகுமா? அதுதான் அவள் கட்சி.

ஆனால் அவன் பக்கத்து ஆட்கள் வருவதற்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவனுடைய அக்கா, அதாவது குருவியின் நாத்தனார், வீட்டுக்கு மாடி கட்டுகிறோம், தூசி தாங்கவில்லை, மாடி எழும்பும் வரைக்கும் இங்கே இருக்கிறேன் என்று வந்தாள். மாடி எழும்பியது. அதையும் கீழ்வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. அவன் எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் கவலையில்லை, அவனுடைய பெட்டிகள் எல்லாம் குருவியின் மகள் அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் நாத்தனாருக்கு வைத்த பெயர் பினாயில். அவள் ஓர் இடத்துக்கு வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். கதவுப்பிடி, குழாய், செல்போன், வாசலில் நிற்கும் பூந்தொட்டியின் விளிம்பு என்று கைக்கு எட்டுவதையெல்லாம் துடைப்பாள். மண்ணைப் பிழைப்பாக வைத்திருக்கிற வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் என்ன ஆகும்? என்ன ஆனதோ அதுதான் இந்தக் கதை.

அவர்களுடைய பண்ணையில் பூச்செடியும் உண்டு, பழமரக் கன்றும் உண்டு. ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது பைன் நாற்று. மழையில் சரிந்துபோன மலைச்சரிவுகளில் திரும்ப மரம் வளர்க்கிற எஸ்டேட்காரர்கள் வருஷா வருஷம் இவர்களிடம்தான் வாங்கினார்கள். வேறு பண்ணைகளில் வாங்கிய பைன் நட்டது நட்டபடியே நின்று சாகும். இவர்களுடையது பிடித்துக்கொண்டு மேலே போகும். காரணம் உறைமண்.

வயதான பைன் மரத்தடியில் சருகை விலக்கினால், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடும். அந்த மண்ணில் கொஞ்சம் அள்ளிவந்து விதைக்கிற மண்ணோடு கலப்பார்கள். பாலில் ஒரு கரண்டி மோர் விட்டு உறையூற்றுவது போல என்பதால் பண்ணையில் அதற்கு உறைமண் என்றே பெயர். ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த விஷயத்தைப் பேசச் சொன்னால் அவள் கணவன் மாதிரிப் பேச ஆள் கிடையாது. வீட்டில் உப்பு குறைந்தால் கூடச் சொல்லாமல் சாப்பிடுகிற மனிதன், வேரைப் பற்றிக் கேட்டால் ஊற்றுக்கண் திறந்துவிடும். போன வருஷம் ஒரு தோட்டக்கலைக் கண்காட்சியில் கடை போட இருவரும் போயிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். குருவி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

"நாம மரம்னு பாக்கறது பாதி மரம்தாங்க," என்றான் அவன். "மீதிப் பாதி கீழ இருக்கு. அது மரமே இல்ல, பூஞ்சை. வேர் நுழைய முடியாத இண்டு இடுக்குல எல்லாம் அதோட நூல் நுழையும். தண்ணியையும் சத்தையும் உறிஞ்சிக் கொண்டாந்து வேருக்குக் குடுக்கும். மரம் சும்மா வாங்கிக்காது. வெயில்ல சமைச்ச சர்க்கரையை எடுத்துக் கீழ அனுப்பும். யாரு வீட்ல யாரு சாப்பிடறாங்கன்னு பிரிக்கவே முடியாது. ஒண்ணைத் தனியா புடுங்கி நட்டுட்டு, நல்லா வளருன்னு சொன்னா அது எப்படிங்க வளரும்? அது நாம செய்யற கொலை இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. குருவியும் தட்டினாள், கை வலிக்க. பக்கத்தில் இருந்த ஒரு பெண், "உங்க வீட்டுக்காரரா? என்ன மனசுங்க!" என்றாள். "ஆமாங்க," என்றாள் குருவி பெருமையாக.

அவன் மேடையில் மனசு உருகிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் பண்ணையில் பினாயில் பொறுப்பேற்றிருந்தாள். நிழல்வலைக் குடிலுக்குள் நடந்தவள், பைன் நாற்றுப் பைகளைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சில பைகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் காளான் தலைநீட்டியிருந்தது. ஒரு பையைக் கவிழ்த்தால் வேரெல்லாம் வெள்ளைப் பூசணம்! வாடிக்கையாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தம்பி மானம் என்ன ஆவது? பூச்சிமருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினாள்.

இதெல்லாம் அப்போது குருவிக்கும் அவனுக்கும் தெரியாது. கண்காட்சி முடிந்து திரும்பியபோது பண்ணையின் முன்வாசல் பள்ளமெல்லாம் மேடாகி, மேலே சிமெண்ட் பூசி, கார் நிறுத்தலாம் போல இருந்தது. "நல்லா இருக்கேக்கா!" என்று அவன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். குருவியும்தான் சொன்னாள்.

பிறகு மெல்ல மெல்ல நாற்றுகளின் நிறம் மாறியது. பச்சையாக இருக்க வேண்டிய ஊசியிலைகள் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயின. வளர்த்தி நின்றது. உரக்கடைக்காரர் வந்து பார்த்து உரம் கொடுத்தார். போட்டார்கள். இன்னும் ஊதாவானது. எஸ்டேட் மேனேஜர் போன் செய்து, "என்னங்க குடுத்திருக்கீங்க? நட்டு மழையே முடிஞ்சாச்சு, ஒரு விரக்கடை வளரல. பிளாஸ்டிக் செடியா?" என்று கத்தினார். அவர் கத்தியது சாப்பாட்டு மேசை முழுவதும் கேட்டது.

கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் கரண்டியை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. விதை போட்டது யாரு?"

"நான்தான் அண்ணி," என்றாள் குருவி.

"அதான். கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல? அம்மா போட்ட விதை ஒண்ணு கூடப் பழுது போனதில்ல."

குருவி கணவனைப் பார்த்தாள். கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அவன், "குழம்பு கொஞ்சம் போடு" என்றான்.

அவள் போட்டாள். போட்டுவிட்டு, தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு நேராக நிழல்வலைக் குடிலுக்குப் போனாள்.

ஒரு பையை எடுத்துக் கவிழ்த்து அடியில் தட்டினாள். நல்ல நாற்றாக இருந்தால் மண் கட்டியாக, வேரும் நூலும் பின்னிப் பிடித்த பந்தாக, அப்படியே கழன்று வரும். இது பொலபொலவென்று உதிர்ந்து அவள் காலில் கொட்டியது. கையில் நின்றது மொட்டை வேர். சவரம் பண்ணின மாதிரி. மோந்து பார்த்தாள். காளான் வாசனை இல்லை. துருப்பிடித்த ஆணி வாசனை. பையின் அடி ஓட்டைகளைச் சுற்றி இலேசான நீலக்கறை.

பை நிரப்புகிறவளை எல்லோரும் பாட்டுக்காரி என்பார்கள். கை நின்றாலும் அவள் பாட்டு நிற்காது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"மயில்துத்தம்மா, பூஞ்சையைக் கொல்ற மருந்து. நீங்க கண்காட்சிக்குப் போனீங்கள்ல, அப்ப பெரியம்மா கரைச்சு ஊத்தச் சொன்னாங்க. பூவாளி பூவாளியா ஊத்தினேன். நீலமா, பாக்க அழகா இருந்துச்சு."

"ஊத்தினேன்னு எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க சொல்லித்தான் ஊத்தறோம்னு நெனச்சேன். வீடு ஒண்ணுதானேம்மா?"

வீடு ஒன்றுதான். குருவி பின்கொட்டகைக்கு ஓடினாள். உறைமண் குவிந்திருக்க வேண்டிய மூலை பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கதவுக்குப் பின்னால் பினாயில் பாட்டில் ஒன்று. உறைமண் எங்கே போயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்வாசல் பள்ளத்தை மேடாக்கிவிட்டு, சிமெண்டுக்கு அடியில் படுத்திருந்தது.

அன்று மாலை வீட்டில் பெரிய பேச்சு. பேசியது குருவிதான். நாத்தனார் ஒன்றுக்கும் அசையவில்லை.

"ரொட்டில பூசணம் வந்தா என்ன பண்ணுவே? கொஞ்சுவியா? தூக்கித்தானே போடுவே?"

"இது பூசணம் இல்ல அண்ணி, பூஞ்சை. இது இருந்தாத்தான் அந்தச் செடிக்கு உசிரே."

"ரெண்டும் ஒண்ணுதானே? புருஷன் மேடைல சொல்லிட்டா பூசணம் புனிதமாயிடுமா? காளான் முளைச்சுக் கிடக்குது, பாம்பு வந்தா யாரு பொறுப்பு?"

"காளானுக்கும் பாம்புக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"ரெண்டும் ஈரத்துல வரும்."

குருவி கணவன் பக்கம் திரும்பினாள். அவனும் மொட்டை வேரைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். வேருக்காகக் கலங்குகிற கண்! ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"விடு குருவி. அக்காவுக்கு என்ன தெரியும், பாவம். பண்ணை நல்லா இருக்கணும்னுதானே செஞ்சா?"

பாவம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் குருவிக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. ஒரு பண்ணையையே நீலச்சாயத்தில் முக்கி எடுத்தவள் பாவம். விதை போட்ட கைக்கு ராசியில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையை அவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பிடாரிக்குத் தம்பியும் இருந்து பரிந்து பேசுவான் என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் அக்காவின் போன் வந்தது. குருவி விதைத்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு எடுத்தாள்.

"என்னடி குருவி, சத்தத்தையே காணோம்? கூண்டுல போட்டுட்டாங்களா?"

"நீ எப்படிக்கா இருக்கே?"

"எனக்கென்ன, ராணி. உன் அண்ணன் எனக்கு எடம் பாத்துட்டான்ல."

"என்ன எடம்?"

"முதியோர் இல்லம்தான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் வரல. 'ஹாஸ்டல் மாதிரி அக்கா, ஹாஸ்டல் மாதிரி'ன்னு நாலு தடவை சொல்லிட்டான். இந்த ரூமை வீட்டுக்காரர் இடிக்கறாராம். திங்கக்கிழமை அங்க போகணும். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னல் கூட இருக்காம்."

குருவி தட்டைக் கீழே வைத்தாள். "மிஷினு?"

"அதுக்கு எடம் இல்லையாம். வித்துட்டு வரச் சொல்றான். நான் சொன்னேன், மிஷினை அங்க அனுப்பிடு, என்னை வித்துடுன்னு. அது இன்னும் ஓடும்; எனக்குத்தான் முட்டி புடிச்சுக்குது." அக்கா சிரித்தாள். பிறகு, "நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காத. உனக்கு அங்க உன் குடும்பம் இருக்கு," என்றாள்.

அதைத்தான் குருவியால் தாங்க முடியவில்லை. உன் குடும்பம். அப்படியென்றால் அக்கா யார்?

மாலையில் கணவனிடம் சொன்னாள். திங்கட்கிழமை, இல்லம், கட்டில், அலமாரி, மிஷினுக்கு இடமில்லை, எல்லாவற்றையும். சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவன் சொல்வதற்கு வேண்டிய இடத்தையெல்லாம் விட்டு நிறுத்தினாள். ஒரு லாரியே உள்ளே வந்து திரும்பலாம், அவ்வளவு இடம்.

"அப்படியா?" என்றான் அவன். "நல்ல எடம்தானா, விசாரிச்சாங்களா?" பிறகு கண்ணாடியைத் தேடினான். கண்ணாடி அவன் தலையில் இருந்தது. குருவி சொல்லவில்லை. தேடட்டும்.

சனிக்கிழமை இருவரும் மினி லாரியை எடுத்துக்கொண்டு உறைமண் அள்ளக் கிளம்பினார்கள். இந்தப் பருவத்து விதைப்பு அதை நம்பித்தான் நின்றது. பழைய பைன் தோப்பு, அக்கா இருக்கிற ஊரைத் தாண்டி, குடிதண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்குப் பின்னால். ஊருக்குள் போகாமலே சுற்றுச்சாலையில் போய்விடலாம். அவன் சுற்றுச்சாலையில்தான் போனான். வழியெல்லாம் குருவி ஒரு வார்த்தை பேசவில்லை. "தலைவலியா?" என்று கேட்டான். "இல்ல." "பசியா?" "இல்ல." அவனுக்குத் தெரிந்த வியாதிகள் அந்த இரண்டோடு முடிந்துவிட்டன.

தோப்பில் காற்று மெல்ல இரைந்தது. பெரிய மரங்களின் கீழே சருகு மெத்தை மாதிரிக் கிடந்தது. அவன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சருகை ஒதுக்கினான். கீழே வெள்ளை நூல்கள், மண்ணை நெய்து வைத்த மாதிரி. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மண்வெட்டி அளவுக்கு மேல் எடுக்க மாட்டான். எடுத்த இடத்தில் சருகைத் திரும்ப இழுத்து மூடுவான், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. குருவி சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்தாள். இந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவளுக்கு அவன்மேல் ஆசை வந்தது. இன்றைக்கு அதே கைகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

செல்போன் அடித்தது. நாத்தனார். அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான்.

"எதுக்குடா அவ்வளவு தூரம்? கடைல சுத்தமான மண்ணு பாக்கெட்ல விக்கறான். அதை வாங்கிப் போட்டா ஆகாதா?"

"ஆகாதுக்கா. அது செத்த மண்ணு."

"மண்ணுல என்னடா செத்தது, பொழைச்சது?"

"அக்கா, ஒரு உசிரை வளந்த எடத்துல இருந்து எடுத்தோம்னா, அது எதை நம்பி வளந்துச்சோ அதையும் கூடக் கூட்டிட்டு வரணும். இல்லன்னா அது பச்சையாத் தெரியும், ஆனா உள்ள பட்டினி. நாம தண்ணி ஊத்தறோம், உரம் போடறோம், எல்லாம் செய்யறோம்னு நெனச்சுட்டு இருப்போம். அதுக்கு வேண்டியது அது இல்லக்கா. புரியுதா?"

"என்னமோ போ. வரும்போது கை கழுவிட்டு வா," என்று நாத்தனார் வைத்துவிட்டாள்.

குருவி சாக்கை விட்டுவிட்டாள். மண் சரிந்தது.

"பாத்துப் புடி," என்றான் அவன்.

ஒரு பைன் நாற்றுக்காக இப்படிப் பேசத் தெரிகிறது. கூடக் கூட்டிட்டு வரணுமாம். உள்ள பட்டினியாம். எங்கிருந்து வருகிறது இதெல்லாம்? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளைப் பார்த்து இதில் பாதி தோன்றியிருக்கக் கூடாதா? குருவி மறுபடி சாக்கைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த நூலு தானாவே போய் வேர்ல ஒட்டிக்குமா?"

அவள் பேசியதே அவனுக்குச் சந்தோஷம். மண்வெட்டியை நிறுத்தினான்.

"தானா எங்க வரும்? வேர்தான் மொதல்ல கேக்கணும். ஒரு மாதிரி ரசத்தை மண்ணுல கசிய விடும், நான் இங்க இருக்கேன், வான்னு. அந்த வாசனை பட்டாத்தான் இது நூலை நீட்டும். வேர் கேக்கலன்னா வராது."

"பக்கத்துலயே கிடந்தாலுமா?"

"பக்கத்துலயே கிடந்தாலும்."

"ஏன், கண்ணு தெரியாதா அதுக்கு?"

"அதுக்கேது கண்ணு?" என்று அவன் சிரித்தான்.

குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓ, இங்கேயும் அதே கதைதானா? மண்ணுக்கடியில் கூட வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்குமா? கேட்காமலே கொடுக்கிற ஜாதி உலகத்தில் எங்கேயும் கிடையாதா? யார் இப்படி விதி எழுதி வைத்தது என்று தெரிந்தால் அந்த ஆளிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

சாக்குகளை லாரியில் ஏற்றினார்கள். அவன் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் தெளித்தான். தார்ப்பாயை இழுத்து நிழல் கட்டினான். அவள் ஒரு சாக்கின் வாயை இறுக்கிக் கட்டப்போனபோது, "இறுக்காத, இறுக்காத. மூச்சு முட்டும்," என்று ஓடிவந்து தளர்த்தினான்.

மண்ணுக்கு மூச்சு முட்டும். குருவி லாரியில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள்.

மேட்டிலிருந்து இறங்கினால் சாலை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் ஊருக்குள். வலதுபக்கம் சுற்றுச்சாலை வழியாக வீடு. பிரிவு தூரத்தில் தெரிந்ததுமே அவன் வலதுபக்க விளக்கைப் போட்டுவிட்டான். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு அக்காவைப் பாக்காமயா போறது?" என்றாள்.

"பாக்கலாம்தான் குருவி. ஆனா மண்ணு காஞ்சிடக் கூடாது பாரு. இன்னிக்கே கொட்டகைல கொட்டணும். அடுத்த தடவை வர்றப்ப நிதானமா..."

"வண்டியை நிறுத்துங்க."

"என்ன?"

"நிறுத்துங்கன்னேன்."

அவன் நிறுத்தினான். பிரிவுக்குச் சற்று முன்னால், சாலை நடுவிலேயே. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. அவன் பதறிக் கண்ணாடியில் பார்த்து, "சாக்கு ஏதும் அவுந்துடுச்சா?" என்றான்.

"சாக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க மண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. அதுக்கு நிழல் இருக்கு, தண்ணி இருக்கு, மூச்சு விட ஓட்டை இருக்கு." குருவி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "உங்க அக்காவுக்கும் ஒரு குறையும் இல்ல. கேக்காமலே வந்தாங்க, கேக்காமலே இருக்காங்க, கேக்காமலே ஊத்தினாங்க. நானும் கேக்காமலே இருந்து பாத்துட்டேன்."

பேருந்து மறுபடி அலறியது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "குடும்பச் சண்டையை ஓரமா நிறுத்திப் போடக் கூடாதா?" என்று கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் குருவி வெட்கத்தில் செத்திருப்பாள். கையை நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குச் சைகை காட்டினாள்.

கணவன் பேருந்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலாக ஒரு பையைக் கவிழ்த்து வேரைப் பார்க்கிறவன் மாதிரி, கண் இமைக்காமல்.

"என்ன குருவி? என்ன வேணும், சொல்லு."

"என் அக்காவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் குருவி. "இப்பவே, இந்த வண்டியிலயே, மிஷினோட. ரெண்டு நாள் விருந்துக்கு இல்ல, இருக்கறதுக்கு. பொண்ணு ரூம்ல இருக்கற பெட்டியை எல்லாம் நீங்க உங்க கையால எடுத்து வெளிய வைக்கணும். உங்க அக்கா கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும். இதை எனக்காக நீங்க செய்யணும்."